பாப்பாவுக்கு பேரு வைக்கப் போறீங்களா? எங்களுக்கு 'ங' வந்துச்சு

எங்க பாப்பா திருவாதிரை, மூணாம் பாதம். ஜாதகம் எழுதுனவரு குடுத்த சீட்டுல, பேரு ஆரம்பிக்க வேண்டிய எழுத்துன்னு ஒரே ஒரு எழுத்து: ங. கண்ண கசக்கிட்டு மறுபடி பாத்தேன், ங தான். அதுல ஆரம்பிச்ச கூத்துல நான் கத்துக்கிட்டத ஸ்டெப் ஸ்டெப்பா சொல்றேன், முதல் குழந்தைக்காரங்களுக்கு உதவும்.

ஸ்டெப் 1: எழுத்து பாக்கப் போறீங்களா இல்லையான்னு மொதல்லயே பேசி முடிங்க

இத முடிக்காம பேரு தேட ஆரம்பிச்சா, புடிச்ச பேரெல்லாம் ஒவ்வொண்ணா அடிபடும். ஒரு நட்சத்திரத்துக்கு நாலு பாதம், பாதத்துக்கு ஒரு எழுத்து. ரோகிணின்னா ஓ, வ, வி, வு. திருவாதிரைன்னா கு, க, ங, ச. இந்த வரிசை சமஸ்கிருத எழுத்த வச்சு போட்டது, அதான் தமிழ்ல பேரே ஆரம்பிக்காத எழுத்தெல்லாம் உள்ள வருது. பாதத்துக்கு பேரு அமையலன்னா அதே நட்சத்திரத்தோட மத்த மூணு எழுத்துல வைங்கன்னு எங்க ஜோசியரே சொல்லிட்டாரு. உங்காளுகிட்டயும் கேட்டுப் பாருங்க.

ஸ்டெப் 2: அர்த்தத்த டிக்‌ஷனரில பாருங்க, பேரு வெப்சைட்ல இல்ல

அந்த சைட்ல எந்த பேர தட்டுனாலும் பையன்னா 'விஷ்ணு', பொண்ணுன்னா 'லட்சுமி'ன்னு வரும், நம்பாதீங்க. சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன் ஆன்லைன்ல ஃப்ரீயாவே இருக்கு, அதுல ஒரு சொல்லுக்கு இருக்குற எல்லா அர்த்தத்தையும் பாத்துடுங்க.

அகராதில இல்லாத அர்த்தமும் உண்டு, அத வீட்டு பெரியவங்ககிட்டதான் கேக்கணும். எங்க தாத்தா பேரு பிச்சை. சின்ன வயசுல எனக்கு அத வெளிய சொல்லவே கூச்சம். அவருக்கு முன்னாடி பொறந்த ரெண்டு பிள்ளையும் தங்கல, அதனால சாமிகிட்ட பிச்சையா கேட்டு வாங்குன பிள்ளைன்னு வச்ச பேரு அதுன்னு எங்க அப்பத்தா சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது. குப்பன், குப்பம்மான்னு வச்சதும் இதே பயத்துலதான். பாப்பா பேரப் பத்தி பேசுறப்பதான் இந்த கதையெல்லாம் வெளிய வரும், சாப்ட்டு முடிச்சதும் சும்மா கேட்டுப் பாருங்க.

ஸ்டெப் 3: கத்தி கூப்ட்டு பாருங்க

நான் 'கு'வுக்கு குழலின்னு முடிவே பண்ணிட்டேன். மாடில நின்னுக்கிட்டு கீழ பாத்து கூப்ட்டும் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் என் வீட்டுக்காரி அத இங்கிலீஷ்ல எழுதி ஆபிஸ்ல கூட வேல பாக்குற ஹைதராபாத் பொண்ணுகிட்ட காட்டுனா. அந்த பொண்ணு வாசிச்சது, "குஜாலி". அன்னைக்கோட அந்த பேரு போச்சு. ழ வர்ற பேரு வேணாம்னு சொல்லல, ஆயுசுக்கும் திருத்திக்கிட்டே இருக்க ரெடியான்னு யோசிச்சுக்கோங்க. பல்லு போன பாட்டியையும் ஒரு தடவ சொல்லச் சொல்லிப் பாருங்க, தினமும் கூப்புடப் போறது அவங்கதான்.

ஸ்டெப் 4: இனிஷியலோட சேத்து எழுதுங்க

அப்பா பேரு குமார், பையன் பேரு ரங்கநாதன். சேத்து வாசிங்க, கு. ரங்கநாதன். ஸ்கூல்ல பசங்க விடுவானுங்களா? பாஸ்போர்ட்ல வெறும் இனிஷியல் எடுக்காது, அப்பா பேரு முழுசா வரும், அந்த நீளத்தையும் பாத்துக்கோங்க.

எங்களுக்கு கடைசில வழி சொன்னது மாமியார். "நட்சத்திரத்தோட பேரே ஆதிரை, அப்புறம் என்னத்துக்கு எழுத்த தேடிக்கிட்டு?" அட ஆமால்ல! மணிமேகலைல அமுதசுரபில மொத பிச்சை போடுறவளும் ஆதிரைதான், அதனால தாத்தா பேரும் எங்கயோ ஒட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு. ஜோசியர் சிரிச்சுட்டு சரின்னுட்டாரு.

ஸ்டெப் 5: பதிவு

பொறந்த 21 நாளுக்குள்ள பிறப்ப பதியணும், ஆஸ்பத்திரில பொறந்தா அவங்களே அனுப்பிடுவாங்க. ஆனா பேரு அப்பவே குடுக்கணும்னு இல்ல. ஒரு வருஷத்துக்குள்ள கட்டணமில்லாம சேக்கலாம், அதுக்கு மேல லேட் ஃபீ கட்டி 15 வருஷம் வரைக்கும் சேக்கலாம். அதனால நர்ஸ் கேக்குறாங்களேன்னு அவசரத்துல ஒண்ண எழுதிக் குடுத்துடாதீங்க, ஏத்துன பேர மாத்துறது பெரிய தலவலி.

ஸ்பெல்லிங்க வாயால சொல்லவே சொல்லாதீங்க. நான் சொன்னேன். ஏ ஒண்ணா ரெண்டா, டெல்லி டி-யா தஞ்சாவூர் டி-யான்னு கேட்டு கேட்டு எழுதுனவரு கடைசில 'ஆதிரா'ன்னு ஏத்தி வச்சிருந்தாரு, அதத் திருத்த ரெண்டு நாள் லீவு போச்சு. பெரிய எழுத்துல, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி பேப்பராவே குடுங்க, பிரிண்ட் எடுக்குறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன திருப்பிக் காட்டச் சொல்லுங்க.

தொட்டில்ல போட்ட அன்னைக்கு காதுல மூணு தடவ ஆதிரைன்னு சொன்னோம். எங்கப்பா மட்டும் இன்னைக்கு வரைக்கும் அப்படி கூப்புடல. ங-ல பேரே இல்லன்னு எவன்டா சொன்னது, அவளே நாள் பூரா அதத்தான சொல்லிக்கிட்டு கெடக்கான்னு சொல்லிட்டு அவரு கூப்புடுற பேரு, "ங்கா".