ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லையா? காலையிலிருந்து ஆரம்பியுங்கள்

இரவு 2 மணி, டியூப்லைட் எரிகிறது, ஒருவன் ரெக்கார்டு எழுதுகிறான், நீங்கள் போர்வைக்குள் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். காலையில் மெஸ் மூடியாயிற்று, முதல் ஹவரும் போயிற்று, சரி இனி எதற்கு என்று மதியம் வரை படுக்கை. என் மூன்றாவது செமஸ்டர் முழுக்க இப்படித்தான் போனது. குளிக்கக்கூட மனசு வரவில்லை, அதைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனசு சரியில்லாவிட்டால் தூக்கம் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தூக்கம் கெட்டால் மனச்சோர்வு வரும் வாய்ப்பும் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று பல நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் எழுதினார்கள். பிரிட்டனில் 26 பல்கலைக்கழகங்களில் தூக்கம் வராத 3,755 மாணவர்களில் பாதிப் பேருக்கு, தூக்கத்துக்கான மனப்பயிற்சியை இணையம் வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள் (2017இல் வெளிவந்தது). அவர்களுக்குத் தூக்கமும் தேறியது, மனச்சோர்வும் குறைந்தது. ஆக, பிடிக்க வசதியான நுனி தூக்கம்தான்.

முதல் வேலை, எழும் நேரத்தை நிலையாக்குவது. எல்லோரும் "இன்னைக்கு 10 மணிக்கே படுத்துடணும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள், அது நடக்காது, ஏனென்றால் கல்லூரி வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் தாமதமாகத்தான் ஓடும், படுத்துப் புரண்டால் எரிச்சல்தான் மிச்சம். எப்போது தூங்கினாலும் 7 மணிக்கு எழுந்து, ஞாயிறு உட்பட, மொட்டை மாடியிலோ மெஸ் வாசலிலோ வெயில் படும்படி கால் மணி நேரம் நில்லுங்கள். முதல் நாலைந்து நாள் தலை கனக்கும். பகலில் தாங்கவே முடியாவிட்டால் 3 மணிக்கு முன்னால் 20 நிமிடம் கண்ணயரலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது கட்டில். ஹாஸ்டல் கட்டில்தான் நமக்கு சோபா, படிக்கும் மேஜை, பிரியாணிப் பொட்டலம் பிரிக்கும் இடம் எல்லாம். அதில் படுத்தால் மூளைக்கு எப்படித் தூக்கம் ஞாபகம் வரும்? பகலில் மெத்தையைச் சுருட்டி வையுங்கள், அது விரிந்தால் தூக்கம் மட்டும். படுத்து 20 நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வராண்டாவில் உட்கார்ந்து சுவாரஸ்யமே இல்லாத பாடம் எதையாவது படியுங்கள், கண் சொக்கும்போது திரும்புங்கள். போன் வராண்டாவுக்கு வரக்கூடாது.

சாயங்காலம் 6 மணிக்குக் குடித்த காபியில் தூக்கத்தை விரட்டும் கஃபீனில் ஏறத்தாழ பாதி, 11 மணிக்கும் உடம்பில் இருக்கும், அதனால் மதியத்தோடு நிறுத்துங்கள். 12 மணிக்கு மேல் டேபிள் லேம்ப் மட்டும் என்று ரூம்மேட்டிடம் பேசி முடியுங்கள். ஒத்துவராத ஆள் என்றால் கண்ணில் துண்டைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் படுத்த நேரம், எழுந்த நேரம், மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று இரண்டு வாரம் குறியுங்கள். நேரம் ஒழுங்கான பிறகும் மார்க் கீழேயே கிடந்தால் டாக்டரிடம் அந்தப் பக்கத்தையே காட்டலாம். மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல் பரபரவென்று இருந்தால் அது வேறு விஷயம், உடனே டாக்டரைப் பாருங்கள். பக்கத்து ரூமில் யாராவது தரும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம்.

செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், காசில்லை, தமிழிலேயே பேசலாம். கல்லூரிக் கவுன்சிலர் அறைக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ரூம்மேட்டைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்க்கட்டும்.