கார் வராத ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குல கிராவல் பைக் ஓட்டப் போறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

மியூனிக் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க கிராவல் பைக் (ஜல்லி ரோட்டுக்குன்னு கொஞ்சம் அகல டயர் போட்ட சைக்கிள்) வாங்கினதும் கேக்கற முதல் கேள்வி, கார் தொல்லை இல்லாம எங்க ஓட்டலாம்ங்கறதுதான். அதுக்கு நான் எப்பவும் சொல்ற பதில் ஷார்னிட்ஸ். ஆஸ்திரியாவோட டிரோல் மாநிலத்துல, ஜெர்மன் எல்லையை ஒட்டி, 964 மீட்டர் உயரத்துல இருக்கற சின்ன ஊர். ஊரைத் தாண்டினா கார்வெண்டல் மலைத்தொடர், டிரோல் பக்கம் இருக்கற இயற்கைப் பூங்கா மட்டுமே 727 சதுர கிலோமீட்டர். அதுக்குள்ள போற பள்ளத்தாக்குல ரெண்டு நமக்கு முக்கியம், ஈஸார் ஆறு பிறக்கற ஹின்டராவ்டால், அதுக்கு வடக்க கார்வெண்டல்டால். ரெண்டுலயும் ஊர் முடியற இடத்துலயே பொது வண்டிகளுக்குத் தடை, அப்புறம் ஜல்லி ரோடுதான், ஒரு பக்கம் ஆறு, ரெண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை மலை, ஹாரன் சத்தமே கிடையாது.

ஆனா இங்க நடக்கற தப்பு எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதான்னு நான் நினைக்கறேன். கார் இல்லைன்னதும் மனசு தளர்ந்துடுது, ரோடு நமக்குன்னே போட்டு வச்ச மாதிரி ஒரு நினைப்பு வந்துடுது. அந்த ரோடு காட்டுக்காரங்களுக்கும் மாடு மேய்க்கறவங்களுக்கும் போட்டது, அவங்க வேலை பாக்கற இடத்துக்குள்ள நாம விருந்தாளியா போறோம்.

முதல்ல வண்டி விஷயம். பொது வண்டிக்குத்தான் தடை, மரம் ஏத்தற லாரி, மலைக்குடிலுக்கு சாமான் கொண்டு போற ஜீப், வேட்டைக்காடு பாத்துக்கறவங்க வண்டி, நடக்கறவங்களை ஏத்திட்டுப் போற டாக்ஸி எல்லாம் அனுமதியோட ஓடும். நாள் பூரா ரெண்டு மூணுதான் வரும், அதனாலதான் ஆபத்து, யாரும் எதிர்பாக்கறதில்ல. இறக்கத்துல வளைவை உள்பக்கமா வெட்டிப் போறது இங்க ரொம்ப சகஜமா நடக்கற தப்பு, எதிர்ல என்ன வருதுன்னு தெரியாத வளைவுல வலது ஓரத்தை விடவே விடாதீங்க. மரம் வெட்டற வேலை நடக்குதுன்னு தடை போர்டு வச்சிருந்தா, ஞாயித்துக்கிழமை ஆள் யாரும் இல்லைன்னாலும் உள்ள போகாதீங்க, அடுக்கி வச்ச மரம் உருளும்.

அடுத்தது சட்டம், இதுல மியூனிக்லேர்ந்து வர்றவங்க பெரும்பாலும் ஏமாந்து போறாங்க. மியூனிக் இருக்கற பவாரியா மாநிலத்துல இயற்கையை அனுபவிக்கற உரிமை மாநில அரசியல் சட்டத்துலயே இருக்கு, 141வது பிரிவு, பொருத்தமான பாதைல சைக்கிளும் ஓட்டலாம். எல்லையைத் தாண்டி ஷார்னிட்ஸ் வந்ததும் கதை அப்படியே மாறுது. ஆஸ்திரியாவோட 1975ம் வருஷத்து வனச் சட்டப்படி காட்டுக்குள்ள யார் வேணா நடக்கலாம், ஆனா சைக்கிள் ஓட்ட நிலத்துக்காரர் சம்மதம் வேணும். காட்டு ஜல்லி ரோடும் அதுல சேர்த்திதான். டிரோல்ல நில உரிமையாளர்களோட ஒப்பந்தம் போட்டு குறிப்பிட்ட ரோடுகளை சைக்கிளுக்குன்னு திறந்து விட்டிருக்காங்க, அங்கெல்லாம் ரூட் போர்டு வச்சிருப்பாங்க. ஹின்டராவ்டாலும் கார்வெண்டல்டாலும் அப்படித் திறந்ததுதான். ஆனா அதுலேர்ந்து பக்கவாட்டுல பிரியற ஒவ்வொரு ஜல்லி ரோடும் திறந்ததுன்னு அர்த்தம் இல்ல. போன்ல இருக்கற ரூட் ஆப் அழகா ஒரு கோடு போட்டுக் காட்டும், அந்தக் கோட்டுல முன்னாடி யாரோ ஓட்டியிருக்காங்கன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும், அனுமதி இருக்கான்னு தெரியாது. போர்டை நம்புங்க. இருட்டினப்புறமும் விடியறதுக்கு முன்னாடியும் ஓட்டாதீங்க, மானெல்லாம் மேய வெளிய வர்ற நேரம் அதுதான்.

எந்த ரூட் நம்ம பைக்குக்கு ஒத்து வரும்னு பாக்காம கிளம்பறது அடுத்த தப்பு. புதுசா ஓட்டறவங்க ஹின்டராவ்டாலை எடுங்க, ஷார்னிட்ஸ்லேர்ந்து காஸ்டன்ஆல்ம்ங்கற மேய்ச்சல் குடில் வரைக்கும் சுமார் 14 கிலோமீட்டர், அது இருக்கறது 1,220 மீட்டர் உயரத்துல, அதனால ஏத்தம் இருந்தாலும் நிதானமா போயிடலாம், ஈஸார் ஊத்துகள் வழியிலயே வரும். தப்பு எங்க நடக்குதுன்னா, காஸ்டன்ஆல்ம்ல உக்காந்து சாப்பிட்டதும் இன்னும் கொஞ்சம் மேல போலாம்னு மேல இருக்கற ஹாலரங்கர்ஆல்ம் குடிலை நோக்கிக் கிளம்பறாங்க, அங்கேர்ந்து சட்டுன்னு செங்குத்தா கரடுமுரடா ஆயிடும், கிட்டத்தட்ட 550 மீட்டர் ஏறணும், மவுண்டன் பைக்காரங்களே தள்ளிட்டுப் போற இடம் இருக்கு. கிராவல் பைக்ல வந்தவங்க காஸ்டன்ஆல்ம்லயே திரும்பறதுதான் சரி, இல்ல பைக்கைப் பூட்டிட்டு நடங்க.

கார்வெண்டல்டால் வேற மாதிரி. ஊரை விட்டதும் ஒரு ஏத்தம், அப்புறம் ரொம்ப நேரம் சுலபமா போகும், மலைக்குடிலான கார்வெண்டல்ஹவுஸ் வரைக்கும் சுமார் 18 கிலோமீட்டர், உயரம் சுமார் 1,770 மீட்டர், ஆனா மொத்த ஏத்தத்துல பாதிகிட்ட கடைசி நாலஞ்சு கிலோமீட்டர்லதான் இருக்கு. முன்பாதியைப் பாத்து வேகமா மிதிச்சு காலை தீத்துடாதீங்க. பின்னாடி இருக்கற பெரிய பல்சக்கரம் முன்னாடி இருக்கற சின்ன பல்சக்கரத்தை விடப் பெருசா இருக்கணும், ரேஸ் பைக் கியரோட அந்தக் கொண்டை ஊசி வளைவுகள்ல முட்டி போயிடும். குடில் தாண்டி ஹோக்ஆல்ம்சாட்டல் கணவாய் வழியா கிழக்க இறங்கறது பேர் போன மவுண்டன் பைக் சுத்து, அங்க கல்லு பெருசு, ரோடு லூஸ், செங்குத்து இறக்கம். மெல்லிசு டயரோட அங்க இறங்காதீங்க, வந்த வழிலயே திரும்பினாலும் அது அருமையான ரைடுதான்.

டயர்ல பண்ற தப்பு பெரும்பாலும் காத்து விஷயத்துல. கல்லு குத்திடும்ங்கற பயத்துல கல்லு மாதிரி காத்தடிச்சுட்டு வர்றாங்க, அப்போ டயர் ரோட்டைப் பிடிக்காம துள்ளும், வளைவுல வழுக்கும், கை மரத்துப் போயிடும். 45 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயர், ஓட்டறவர் 70 கிலோ சொச்சம்னா 2லேர்ந்து 2.5 பார் காத்தழுத்தம் போதும், ட்யூப் போட்டிருந்தா இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க. 40க்குக் குறைஞ்ச டயரை இங்க நான் சிபாரிசு பண்ண மாட்டேன். சுண்ணாம்புக் கல்லு உடைஞ்ச இடம் கூர்மையா இருக்கும், அதனால ட்யூப்லெஸ்ஸா இருந்தாலும் ஒரு ஸ்பேர் ட்யூப், பம்ப், டயர் லீவர் பைல இருந்தாகணும், பள்ளத்தாக்குக்குள்ள கடை எதுவும் கிடையாது.

ரோட்டுக்குக் குறுக்க வர்ற வாய்க்காலைப் பத்தி யாருமே முன்கூட்டி சொல்றதில்ல. மழைத் தண்ணி ரோட்டை அரிக்காம இருக்க, மரக்கட்டையாலயோ இரும்பாலயோ ஒரு குழி மாதிரி ரோட்டுல குறுக்க பதிச்சிருப்பாங்க, அதுவும் நேரா இல்ல, சாய்வா. இறக்கத்துல வேகமா வரும்போது நிழல்ல அது கண்ணுக்குத் தெரியாது, முன்சக்கரம் அதே சாய்வுல உள்ள விழுந்தா ஆளைத் தூக்கிப் போட்டுடும். தூரத்துலயே பாத்து வேகத்தைக் குறைச்சு, சக்கரம் அதை நேர்குறுக்கா தாண்டற மாதிரி பைக்கைத் திருப்பி, தாண்டற நொடில ஹேண்டில்பார்ல இருக்கற பாரத்தைக் கொஞ்சம் தூக்குங்க. பிரேக்கும் அப்படித்தான், வளைவுக்குள்ள போய் முன்பிரேக்கைப் பிடிச்சா லூஸ் ஜல்லில சக்கரம் சறுக்கிடும், வேகத்தையெல்லாம் வளைவுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. கை ஹேண்டில்பாரோட கீழ் வளைவுல இருந்தா பிரேக் நல்லா பிடிக்கும்.

இப்போ மாடு. நாம மாட்டுக்குப் பக்கத்துலயே வளந்தவங்க, ரோட்டுல மாடு படுத்திருந்தா தட்டிட்டுப் போற பழக்கம் இருக்கு, அந்தப் பழக்கத்தை இங்க கொண்டு வராதீங்க. ஆல்ப்ஸ் மேய்ச்சல்ல மாடு கன்னோட கூட்டமா, கட்டு இல்லாம, கோடை பூரா வெளிலயே இருக்கும், கன்னுக்கிட்ட போனா தாய் பாயும். 2014ல இதே டிரோல்ல, ஸ்டூபாய் பக்கத்து பின்னிஸ்டால்ல, நாயோட நடந்து போன ஒரு பெண்மணியை மாட்டுக்கூட்டம் மிதிச்சு அவங்க இறந்தே போயிட்டாங்க, அந்த வழக்கு ஆஸ்திரியா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. முடிஞ்சா 20 மீட்டராவது தள்ளிப் போங்க. ரோட்டுலயே நின்னா இறங்கி, சத்தம் போடாம, பைக்கை மாட்டுக்கும் உங்களுக்கும் நடுவுல வச்சு உருட்டிட்டு சுத்திப் போங்க, போட்டோவுக்காகத் தடவப் போகவே போகாதீங்க.

கேட்டைத் திறந்தா மூடணும், இது மாட்டுக்காரங்க நம்மகிட்ட எதிர்பாக்கற குறைஞ்சபட்ச மரியாதை. சில இடத்துல கேட்டுக்குப் பதிலா மின்வேலிக் கம்பி குறுக்க போகும், அதோட முனைல பிளாஸ்டிக் பிடி ஒண்ணு ஸ்பிரிங்கோட இருக்கும், பிளாஸ்டிக்கை மட்டும் பிடிச்சு கொக்கியைக் கழட்டி, கம்பி பைக் மேல படாம கடந்து, திரும்ப அதே வளையத்துல மாட்டுங்க. பின்னாடி ஆள் வர்றாங்கன்னு திறந்தபடி விட்டுட்டுப் போறது தப்பு, வர்றவங்க மூடுவாங்கன்னு என்ன நிச்சயம்? மாடு தாண்டாம இருக்க ரோட்டுல இரும்புக் கம்பிக் கிராதி பதிச்ச இடத்துல நேரா போங்க, அது மேல பிரேக் வேணாம், ஈரமா இருந்தா சோப்பு போட்ட மாதிரி இருக்கும்.

நடக்கறவங்களை முந்தும்போது ஆத்துச் சத்தத்துல அவங்களுக்கு நீங்க வர்றது கேக்காது, தூரத்துலயே பெல் அடிச்சு, நடக்கற வேகத்துக்குக் குறைச்சு, ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போங்க.

ஈஸார் பக்கத்துல அகலமா வெள்ளை ஜல்லித் திட்டு பாத்ததும் பைக்கோட இறங்கத் தோணும். வசந்தத்துலயும் கோடை முன்பாதிலயும் உள்ளான் குருவி அந்தக் கல்லுக்கு நடுவுலதான் முட்டை வைக்குது, முட்டையும் கல்லு நிறத்துலயே இருக்கும், மிதிச்சப்புறம்தான் தெரியும். அந்த மாசங்கள்ல ரோட்டுலயே நின்னு ஆத்தைப் பாருங்க.

வானிலைக்கு ஒரே விதிதான், கோடைல மதியத்துக்கு மேல இடி மழை வரும், அதனால காலைல சீக்கிரம் கிளம்புங்க. பலத்த மழைக்கப்புறம் பக்கத்து ஓடைகள் கல்லும் சேறும் கொண்டு வந்து ரோட்டையே மூடும், கிளம்பறதுக்கு முன்னாடி பூங்கா அறிவிப்பைப் பாருங்க, மே மாசத்துல மேல பனியும் கிடக்கும். பள்ளத்தாக்குக்குள்ள பல இடத்துல சிக்னல் கிடைக்காது, மேப்பை முன்னாடியே டவுன்லோடு பண்ணிக்கோங்க, ஆஸ்திரியால மலை மீட்புக்கு 140, பொது அவசரத்துக்கு 112. குடில்ல கார்டு வாங்குவாங்கன்னு நம்பாதீங்க, கைல ரொக்கம் வச்சுக்கோங்க.

ஷார்னிட்ஸுக்கு ரயில்லயே வரலாம், 1912ல திறந்த மிட்டன்வால்ட் பாதைதான் மியூனிக் பக்கத்துலேர்ந்தும் இன்ஸ்ப்ரூக்லேர்ந்தும் வருது. சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்கணும், கோடை ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சைக்கிள் பெட்டி நிரம்பி வழியும், கடைசி ரயிலை நம்பிக் கிளம்பாம அதுக்கு ஒண்ணு ரெண்டு முந்தின ரயிலைப் பிடிக்கற மாதிரி ரைடை முடிச்சுக்கோங்க.