பாட்டம் பிராக்கெட் மாற்றும்போது கவனிக்க வேண்டிய இரண்டு அளவுகள்

மிதிவண்டியின் பாட்டம் பிராக்கெட்டை (மிதிகள் சுழல்வதற்காகச் சட்டகத்தின் அடிக்குழாயில் பொருந்தும் அச்சும் தாங்கிகளும் கொண்ட பாகம்) மாற்றுவதற்கு வண்டியின் பெயரைச் சொல்லிப் புதியது கேட்பதைவிட, பழையதைக் கழற்றி அதன் உடலில் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும் '68 × 122.5' போன்ற இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு வாங்குவதே பிழையற்ற வழியாகும். எழுத்து அழிந்திருந்தால் வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளலாம்.

முதல் எண், சட்டகத்தில் இப்பாகம் பொருந்தும் குழாயின் பக்கவாட்டு அகலம் (மில்லிமீட்டரில்). இரண்டாவது, மிதிகளை இணைக்கும் கைகளான கிராங்க்குகளைத் தாங்கும் அச்சின் நீளம். அச்சு குட்டையானால் பற்சக்கரம் சட்டகத்தில் உரசும். நீளமானால் சங்கிலி கோணலாக ஓடி விரைவில் தேயும். அகலம் 68 அல்லது 73 மில்லிமீட்டராக இருந்தால் அது பொதுவாக ஆங்கில மரை. அதில் வலப்பக்கம் இடமரை என்பதால், கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். (இதை மறந்து எதிர்ப்பக்கம் முறுக்கி இறுக்கிவிடுபவர்களே அதிகம்.) 70 மில்லிமீட்டர் இருந்தால் இத்தாலிய மரையாக இருக்கக்கூடும், அதற்கு ஆங்கில மரையுள்ளது பொருந்தாது.

இக்குறிப்பு சதுர முனை அச்சுள்ள, மரையிட்ட கார்ட்ரிட்ஜ் (அச்சும் தாங்கிகளும் ஒரே மூடிய உருளையாக வரும்) வகைக்கு மட்டுமே உரியது. கிராங்க்கை அச்சுடன் இறுக்கும் ஆப்பான காட்டர் பின் அடித்த பழைய வண்டிகளுக்கும், அழுத்திப் பொருத்தும் வகைகளுக்கும், அச்சு கிராங்க்குடன் இணைந்தே வருபவற்றுக்கும் இது பயன்படாது.