டேட்டாபேஸ் திணறும்போது செய்யக் கூடாதவை

தீபாவளிக்கு முந்தைய வாரம். புதுச்சேரி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடை. பில் போடும் இடத்தில் கூட்டம் நெரிகிறது, கணினித் திரை அசையாமல் நிற்கிறது. உடனே எல்லோருக்கும் தோன்றுவது சர்வரை ரீஸ்டார்ட் செய்வது. பல நேரம் அது பலித்தும்விடுகிறது, கெடுதலே அங்குதான். தரவுத்தளத்தில் (டேட்டாபேஸில்) ஒரு தரவை மற்றவர்கள் தொடாதபடி பூட்டிப் பிடித்து வைத்திருந்த இணைப்பு அறுந்துபோவதால் மற்றவை நகர்கின்றன. பிடித்து வைத்திருந்தது எது என்ற தடயமும் கூடவே அழிகிறது. மறுநாள் மாலை அதே நெரிசல் திரும்பி வரும். நினைவகத்தில் சேர்ந்திருந்த தரவும் காலியாவதால் முதல் சில நிமிடங்கள் இன்னும் மோசமாக இருக்கும். ரீஸ்டார்ட் தவிர வழியில்லை என்றாலும், அதற்கு முன் எந்த இணைப்பு என்ன செய்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்று காட்டும் விவரத்தை ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள்: தரவுத்தள மென்பொருள் மைஎஸ்கியூஎல் என்றால் புராசஸ்லிஸ்ட்டும் இன்னோடிபி ஸ்டேட்டஸும், போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியும்.

அடுத்த தவறு, 'இன்டெக்ஸ் இருக்கிறதே' என்ற நிம்மதி. இன்டெக்ஸ் என்பது புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போல, தேடலை விரைவாக்கும் பட்டியல். இருப்பது வேறு, பயன்படுவது வேறு. அதே கடையில் வாடிக்கையாளரின் கைபேசி எண்ணைத் தட்டிப் பழைய கணக்கை எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எண் சேமிக்கப்பட்டிருப்பது வார்கேர், அதாவது எழுத்துவடிவ நெடுவரிசையில், இன்டெக்ஸும் உண்டு. ஆனால் மென்பொருள் எழுதியவர் குவெரியில், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கட்டளையில், எண்ணை மேற்கோள் குறி இல்லாமல் கொடுத்துவிட்டார். மைஎஸ்கியூஎல் இரண்டையும் எண்ணாக மாற்றி ஒப்பிடும். '1', ' 1', '1a' மூன்றுமே 1 ஆகிவிடும் என்பதால் எழுத்து வரிசையில் அடுக்கிய இன்டெக்ஸ் அதற்கு உதவாது. அட்டவணை முழுவதையும் படிக்கும். குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளையைப் போட்டுப் பாருங்கள்: 'டைப்' என்ற இடத்தில் 'ஆல்' (முழு அட்டவணை) என்று இருக்கும். அடுத்து ஷோ வார்னிங்ஸ் கட்டளையைக் கொடுத்தால் காரணத்தையும் சொல்லிவிடும். திருத்தம் இரண்டு மேற்கோள் குறிகள்தான். போஸ்ட்கிரெஸ் இந்த ஒப்பீட்டை ஏற்காமல் பிழை காட்டிவிடும். எரிச்சலாக இருந்தாலும் அதுவே நல்லது. பில் தேதி நெடுவரிசையைச் சுற்றி டேட் ஃபங்ஷன் (தேதியை மட்டும் பிரித்தெடுப்பது) போட்டு இன்டெக்ஸைப் பயன்படாமல் ஆக்குவதும் இதே வகைதான். இந்த நாள் தொடங்கி அடுத்த நாளுக்கு முன்வரை என்று வரம்பாக எழுதுங்கள்.

எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. போஸ்ட்கிரெஸ்ஸில் அது குவெரியை உண்மையாகவே ஓட்டும். டெலீட்டுக்கு முன்னால் அதைப் போட்டால் வரிசைகள் அழிந்துபோகும். தொடக்கத்தைக் குறிக்கும் பிகின், செய்ததைத் திரும்பப் பெறும் ரோல்பேக் இரண்டுக்கும் நடுவே வைத்து ஓட்டுங்கள்.

இணைப்பு போதவில்லை என்ற பிழை வந்ததும் ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்ற உச்சவரம்பான மேக்ஸ் கனெக்ஷன்ஸை ஆயிரமாக்குவது இன்னொரு வழக்கம். மைஎஸ்கியூஎல்லில் அது இயல்பாக 151, போஸ்ட்கிரெஸ்ஸில் 100. கல்லா ஒன்றே இருக்கும்போது கடையின் கதவை அகலப்படுத்தி என்ன பயன்? போஸ்ட்கிரெஸ்ஸில் ஒவ்வோர் இணைப்பும் ஒரு தனி புராசஸ், அதாவது கணினியில் தனியாக ஓடும் ஒரு நிரல். போதாததற்கு, வரிசைப்படுத்தல் போன்ற வேலைக்கு அனுமதிக்கும் நினைவக அளவான ஒர்க்_மெம் என்பது இணைப்புக்கு ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள்; அது ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனி. இரண்டையும் சேர்த்து உயர்த்தினால் நினைவகம் தீர்ந்து சர்வரே விழும். சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் போன்ற பூலரை இடையில் வைப்பதே முறை.

போஸ்ட்கிரெஸ்ஸில், மாறிய, அழிந்த வரிசைகளின் குப்பையைத் தானாகவே பெருக்கும் ஆட்டோவாக்யூமை 'வேகத்துக்காக' அணைப்பவர்களை என்ன சொல்வது! இயல்பு அமைப்பில் அட்டவணையின் 20 சதவீதம் மாறிய பிறகுதான் அது கிளம்புகிறது. பெரிய அட்டவணைக்கு அந்த வரம்பைக் குறைக்க வேண்டுமே தவிர அணைக்கக் கூடாது.

கடைசியாக, கடலூர்ப் பக்கத்துக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. எழுதும் வேகத்தைக் கூட்ட எழுதியது வட்டில் நிஜமாகவே பதிந்ததா என்று உறுதிசெய்யும் எஃப்சிங்க்கை ஆஃப் செய்யச் சொல்லும் அறிவுரை நிறையக் கிடைக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலுக்குப் பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? எஃப்சிங்க் இல்லாதபோது மின்சாரம் போனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மீட்க முடியாதபடி சிதையலாம். வேகம் வேண்டும் என்றால் ஒவ்வொரு பதிவும் வட்டில் சேரும்வரை காத்திருக்கவைக்கும் சிங்க்ரனஸ்_கமிட்டைத் தளர்த்துங்கள். கடைசிச் சில பதிவுகள் போகலாம், தரவுத்தளம் குலையாது. அதைப் பரிவர்த்தனை வாரியாகவும் அமைக்கலாம்: பணம் வாங்கும் பில்லுக்கு முழுப் பாதுகாப்பு, யார் எந்தப் புடவையைத் தேடினார்கள் என்ற பதிவுக்கு மட்டும் தளர்வு.