வேதிப்பொருளின் சரியான தரவைத் தேடி எடுப்பது எப்படி? மயில்துத்தத்தை வைத்து ஒரு செய்முறை

மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) 0.1 மோலார் கரைசல் ஒரு லிட்டர் தேவைப்பட்டது. மோலார் நிறையை (ஒரு மோல் எத்தனை கிராம் என்பதை) இணையத்தில் தேடினேன். முதலில் வந்தது 159.6. அதை நம்பி 15.96 கிராம் நிறுத்துப் போட்டேன். தயோசல்பேட் கரைசலை வைத்துத் தரம் பார்த்தபோது (டைட்ரேஷன்) செறிவு குறைவாகவே வந்தது. தயோசல்பேட் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைப் புதிதாகத் தயாரித்ததில் இரண்டு நாள் போனது. கடைசியில்தான் பிடிபட்டது: 159.6 நீரற்ற வெள்ளைத் தூளுக்கு உரியது. என் புட்டியில் இருந்ததோ ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்த நீலப் படிகம். அதற்கு 249.7, போட்டிருக்க வேண்டியது 24.97 கிராம்.

படி 1: பெயரை விடுங்கள், சிஏஎஸ் எண்ணைப் பிடியுங்கள்

ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனித்தனியாக வழங்கப்படும் பதிவு எண் இது. பெரும்பாலும் புட்டி லேபிளிலேயே இருக்கும். நீலப் படிகத்துக்கு 7758-99-8, நீரற்றதற்கு 7758-98-7. எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! லேபிள் மங்கியிருந்தால் எண்ணைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, மற்றவற்றை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டுங்கள்.

9×1 + 9×2 + 8×3 + 5×4 + 7×5 + 7×6 = 148

கூட்டுத்தொகை 8-இல் முடிகிறது; நாம் விட்டுவைத்த இலக்கமும் 8. சரி, எண்ணைப் பிழையில்லாமல் படித்திருக்கிறோம். ஆனால் நீரற்றதன் எண்ணும் இதே கணக்கில் தேறும் (147, 7). அதனால் அந்த எண் எந்தப் பொருளுடையது என்பதை சிஏஎஸ் காமன் கெமிஸ்ட்ரி தளத்தில் போட்டுப் பாருங்கள். எண்களை வழங்கும் அமைப்பே நடத்தும் இலவசத் தளம் அது.

படி 2: பப்கெம்

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 2004 முதல் நடத்தும் வேதிப்பொருள் தரவுத்தளம். இங்கே தவறாமல் கவனிக்க வேண்டியது ஒன்று: "கம்ப்யூட்டட்" என்ற தலைப்பில் இருப்பவை மென்பொருள் கணக்கிட்டவை. "எக்ஸ்பெரிமென்டல்" என்ற தலைப்பில் இருப்பவையே அளந்தவை. ஒரே பண்புக்கு நாலைந்து மதிப்புகள் இருக்கும், ஒவ்வொன்றின் கீழும் அது எங்கிருந்து வந்தது என்று போட்டிருக்கும். அந்த வரியைப் படிக்காமல் மதிப்பை எடுக்காதீர்கள்.

படி 3: மூலத்துக்குப் போங்கள்

கனிம உப்புகளுக்கு என் தேர்வு சிஆர்சி ஹேண்ட்புக் என்ற வேதியியல், இயற்பியல் தரவுக் கையேடு. 1913 முதல் வருகிறது, கல்லூரி நூலகத்தில் பழைய பதிப்பு கிடைத்தாலும் உருகுநிலை, அடர்த்திக்கெல்லாம் போதும். எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் கொதிநிலை, ஆவியழுத்தத்துக்கு நிஸ்ட் கெமிஸ்ட்ரி வெப்புக் என்ற இணையதளம். எந்த ஆய்வுக்கட்டுரையில் அளந்தார்கள் என்பதையும் சொல்லும், இலவசம்.

விற்பவர்கள் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளை ஆபத்து, கையாளும் முறை ஆகியவற்றுக்கு அவசியம் படியுங்கள். உருகுநிலைக்கு அதை மட்டும் நம்ப மாட்டேன். நீலப் படிகத்துக்கு 110 டிகிரி செல்சியஸ் உருகுநிலை என்று சில தாள்களில் இருக்கும். அந்தச் சூட்டில் நடப்பது வெறும் உருகல் இல்லை, படிகம் தன் நீரை இழந்துகொண்டிருக்கிறது. நல்ல கையேடு அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே "சிதையும்" என்று குறிப்பு போட்டிருக்கும்.

படி 4: இரண்டாவது சாட்சி

ஐந்து தளங்களில் ஒரே மதிப்பு இருந்தாலும், ஐந்தும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவையாக இருக்கலாம். மூலம் வேறு வேறா என்று பார்த்த பிறகே எழுதிக்கொள்ளுங்கள். நோட்டில் மதிப்போடு சிஏஎஸ் எண், எங்கே எடுத்தது, எந்தத் தேதி எல்லாம் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: எக்ஸெலில் பட்டியல் போட்டால் சிஏஎஸ் எண் தேதியாக மாறிவிடுகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். சோடியம் குளோரேட்டின் 7775-09-9 பார்க்க ஆண்டு, மாதம், நாள் மாதிரியே இருக்கிறது. எண்ணை உள்ளிடும் முன்பே அந்த நெடுவரிசையை "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிடுங்கள். தேதியான பிறகு மாற்றினால் பழைய எண் திரும்பி வராது, மறுபடி தட்டச்சு செய்யத்தான் வேண்டும்.