நண்டுக் கறிக்கு ரீஸ்லிங்: வீட்டிலேயே ஒரு சின்ன வைன் விழா

ஆகஸ்டில் ஜேர்மனியின் வீஸ்பாடன் நகரில் ரைன்கவ் வைன் வாரம் என்று பெரிய விழா நடக்கும். அங்கே ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன்தான் ராஜா. ஆனால் அந்த வைனுக்கு அவர்களுடைய சொசேஜைவிட எங்கள் வாவி நண்டுதான் பொருத்தம் என்பது என் கட்சி. நம்பாவிட்டால் மட்டக்களப்பிலேயே ஒரு பின்னேரம் வைத்துப் பாருங்கள்.

முதலில் போத்தல். ஜேர்மனியில் இருந்து லீவுக்கு வருகிற சொந்தக்காரர் "என்ன கொண்டு வர?" என்று கேட்டால் சொக்லேட்டை விட்டுவிட்டு இரண்டு ரீஸ்லிங் கேளுங்கள். ஒன்று 'ட்ரொக்கன்' என்று போட்டது, அதாவது இனிப்பில்லாதது. மற்றது மோசல் ஆற்றுப் பக்கத்துக் 'கபினெட்', அதாவது கொஞ்சம் இனிப்பான இலேசான வகை. கபினெட்டிலும் இனிப்பில்லாத வகை இருப்பதால், லேபிளில் அற்ககோல் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்: 7 முதல் 9 சதவீதம் என்றால் சீனி மிச்சம் இருக்கிறது, 12க்கு மேல் போனால் பெரும்பாலும் இனிப்பிராது. உள்ளூரில் வாங்குவதென்றால் போயா நாளில் கடை பூட்டு, முதலே வாங்கி வையுங்கள்.

அப்புறம் வெயில். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து வான் வண்டியின் பின்பக்கத்தில் வெந்துகொண்டு வந்த வைன் வைனே இல்லை, ஆட்கள் இருக்கிற பக்கம் வைத்து ஈரத்துணி சுற்றிக் கொண்டு வரச் சொல்லுங்கள். வந்ததும் பிரிட்ஜ்தான், குசினி அலுமாரி வேண்டாம். பரிமாறும்போது 8 முதல் 10 பாகை இருந்தால் நல்லது. ஐஸ் மட்டும் போட்ட வாளியைவிட ஐஸும் தண்ணீரும் கலந்த வாளி கெதியாகக் குளிர வைக்கும். கிளாஸுக்குள் ஐஸ் போடாதீர்கள், அதற்குப் பதிலாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஆளுக்கு 50 மில்லிலீட்டர் என்றால் 750 மில்லிலீட்டர் போத்தல் 15 பேருக்கு வரும். பைக்கில் வந்தவருக்குச் சோடா.

திறந்ததும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசம் வந்தால் பழுதாகிவிட்டதென்று ஊற்றிவிடாதீர்கள்! வெயில் நன்றாகப் பட்ட திராட்சையிலும் பழைய ரீஸ்லிங்கிலும் அது இயல்பு, சிலர் அதற்காகவே தேடி வாங்குவார்கள்.

சரி, சாப்பாடு. இனிப்பில்லாததில் தொடங்குங்கள். சுட்ட கொடுவா, பொரித்த கணவாய், மேலே தேசிக்காய். ரீஸ்லிங்கின் புளிப்பு எண்ணெயை வெட்டிவிடும், அடுத்த துண்டுக்கு வாய் தானாகப் போகும்.

நண்டுக் கறி வரும்போது கபினெட்டுக்கு மாறுங்கள், விழாவே இங்கேதான். கொச்சிக்காய் உறைப்பில் அற்ககோல் கூடிய வைன் எரிச்சலை இன்னும் ஏற்றும், சிவப்பு வைனின் துவர்ப்பும் அப்படித்தான். கபினெட்டில் அற்ககோல் குறைவு, இனிப்பு உறைப்பை அடக்கும், புளிப்பு தேங்காய்ப்பாலின் கொழுப்பைக் கழுவும். ஓட்டை உடைத்துச் சதையை உறிஞ்சி, விரலில் ஒட்டிய குழம்போடேயே ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கிளாஸைக் காம்பில் பிடித்தால் வைன் சூடேறாது. கூடப் பிட்டு இருக்கட்டும். மாங்காய்ச் சம்பலும் ஒத்துப்போகும், ஏனென்றால் புளிப்புக்குப் புளிப்புச் சரி.

கடைசியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் வைக்க ஆசை வரும். வையுங்கள், ஆனால் வைனை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சாப்பாடு வைனைவிட இனித்தால் வைன் வெறும் புளியாகிப்போகும். பாணிக்கு ஈடுகொடுக்க 'பேரன்அவுஸ்லேசே' மாதிரி கடும் இனிப்பு வகை வேண்டும், அதன் விலைக்கு இன்னொரு கூடை நண்டு வாங்கலாம்.

மிஞ்சியதை இறுக மூடிப் பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும்.