பைட் வரிசைப் பிழையா, நினைவகப் பிழையா? டிரைவரில் பிரித்தறியும் முறை

எண்ணின் உயர் பைட்டை முதலில் வைக்கும் பிக் எண்டியன் இயந்திரம் ஒன்றில் ஓடும் லினக்ஸ் நெட்வொர்க் டிரைவர், 2,048 பைட் பஃபரின் எல்லையைத் தாண்டிப் படித்ததாக, கெர்னலின் நினைவகப் பிழை கண்டறியும் கருவியான கேசான் அறிக்கை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே நினைவக ஒதுக்கீட்டைத் துருவத் தொடங்காமல், பாக்கெட்டின் நீளமாக டிரைவர் எடுத்துக்கொண்ட எண்ணை முதலில் அச்சிட்டுப் பாருங்கள். அது 56,325 என்றால், அந்த எண்ணின் இரு பைட்டுகளையும் இடம் மாற்றிப் படிக்க, ஈதர்நெட்டில் அன்றாடம் காணும் 1,500 கிடைக்கும். புகார் நினைவகத்தைப் பற்றியது. காரணம் பைட் வரிசை. ஆகவே வரிசையைத் தீர்த்துவிட்டே நினைவகத்துக்குப் போக வேண்டும்.

வரிசைப் பிழை ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே தவறான விடையைத் தரும். நினைவகச் சிதைவோ பெரும்பாலும் ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் மாறும். சோதனைக்கு 12 34 56 78 போல நான்கு பைட்டும் வேறுபட்ட பதினறும மதிப்பைக் கொடுங்கள். 78 56 34 12 என்று வந்தால் முழுச் சொல்லும் புரண்டிருக்கிறது. 34 12 78 56 என்றால் 16 பிட் அளவில் புரண்டிருக்கிறது.

லினக்ஸில் சாதனத்தின் ரெஜிஸ்டரைப் படிக்கும் 'ரீட்எல்' என்ற செயற்கூறு, அந்தச் சாதனத்தை லிட்டில் எண்டியன் (தாழ் பைட் முதலில்) எனக் கொண்டு தானே மாற்றித் தருகிறது. அதன் விடையை மறுபடி மாற்றினால் எக்ஸ்86 கணினியில் எதுவும் தெரியாது, ஏனெனில் அங்கே அந்த மாற்றம் வெறும் பெயரளவே. பிக் எண்டியனில்தான் குட்டு வெளிப்படும். ஆனால் செயலியின் தலையீடின்றிச் சாதனமே நேரடியாக அணுகும் டி.எம்.ஏ நினைவகத்தில் உள்ள டிஸ்கிரிப்டரை (பஃபரின் முகவரி, நீளம் முதலியவற்றைச் சொல்லும் குறிப்பு) யாரும் மாற்றித் தருவதில்லை, அதை டிரைவரே செய்ய வேண்டும். அதன் புலங்களை 'எல்இ32' போன்ற வகைகளில் அறிவித்து, கெர்னலைத் தொகுக்கும் மேக் கட்டளையுடன் 'சி=2' சேர்த்து, மூலநிரலைச் சோதிக்கும் ஸ்பார்ஸ் கருவியை ஓட்டினால், விடுபட்ட மாற்றங்களும் இரட்டிப்பானவையும் பெரும்பாலும் எச்சரிக்கையாக வரும். 'ஃபோர்ஸ்' என்ற குறியைப் போட்டு அவற்றை வாயடைப்பது வீண் வேலை.

வரிசை சரியாக இருந்தும் சிதைவு தொடர்ந்தால் டி.எம்.ஏவைப் பாருங்கள். கேசான் செயலியின் அணுகல்களை மட்டுமே காணும். சாதனம் நேரடியாக எழுதுவது அதன் கண்ணில் படாது. எனவே கெர்னலின் டி.எம்.ஏ பிழைதேடும் வசதியையும், வன்பொருளில் இருந்தால், சாதனம் தொடக்கூடிய நினைவகத்தை வரையறுக்கும் ஐ.ஓ.எம்.எம்.யூவையும் இயக்குங்கள். ஸ்டாக்கில் உள்ள பஃபரை டி.எம்.ஏவுக்கு மேப் செய்தது, தரவு போகும் திசையைத் தவறாகக் கொடுத்தது, கேஷை ஒத்திசைக்காமல் படித்தது ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். மூன்றாவது, சில ஆர்ம் பலகைகளைப் போல வன்பொருளே கேஷை ஒத்திசைக்காத இயந்திரங்களில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். டிஸ்கிரிப்டர் இப்போது சாதனத்திடமா டிரைவரிடமா என்று காட்டும் உரிமை பிட்டைப் பார்த்தபின், மற்றப் புலங்களைப் படிக்குமுன், படிப்புகள் முன்பின்னாகாமல் காக்கும் 'டிஎம்ஏ ஆர்எம்பி' தடுப்பு இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

கெர்னலின் நினைவக ஒதுக்கியான ஸ்லப்பின் பிழைதேடலை இயக்கினால், விடுவித்த நினைவகம் 6பி என்ற பதினறும பைட்டால் நிரப்பப்படும். அந்த நிரப்பலின் நடுவே உங்கள் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி (வன்பொருள் முகவரி) தெரிந்தால், விடுவித்த பஃபரில் சாதனம் இன்னும் பாக்கெட் எழுதிக்கொண்டிருக்கிறது என்றே கொள்ளலாம். அப்போது டிரைவரின் மூடும் பாதையைத் திறந்து, முதலில் சாதனத்தின் டி.எம்.ஏ நிறுத்தம், அது நின்றதை உறுதி செய்தல், பிறகு மேப்பை நீக்கல், கடைசியாகவே விடுவித்தல் என்ற வரிசை பிசகாமல் இருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள்.